ஏழாம் எண் போனைத் திறந்தவள்

சனிக்கிழமை காலையில் துணிகளைத் துவைக்கிற இயந்திரத்தில் போடுவது அவள் வேலை. கொடியில் உலர்த்துவது அவள் கணவர் வேலை. போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியின் பையையும் வெளியே இழுத்து உதறிப் பார்ப்பாள். மற்ற வீடுகளில் இப்படி உதறினால் பஸ் டிக்கெட்டும் சில்லறையும் விழும். இந்த வீட்டில் திருகாணிகள் விழும், எறும்புத் தலை அளவில். ஒருமுறை அப்படி ஒன்று உருளைக்கும் ரப்பருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டு, கணவரின் புதுச்சட்டையை முதுகில் ஒரு முழத்துக்குக் கிழித்துவிட்டது. அன்றிலிருந்து உதறாமல் ஒரு கைக்குட்டைகூட உள்ளே போவதில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆபீஸ் கோட்டின் இடது பையிலிருந்து திருகாணி விழவில்லை. அரை அரிசி நீளத்துக்கு ஒரு தகடு, சத்தம்கூட இல்லாமல் தரையில் விழுந்தது. பொன்னிறமாக மின்னியது. ஈரவிரலில் ஒட்டி எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். கிளிப். போனின் ஆன்டெனாவையும் உலோகச் சட்டத்தையும் இணைக்க வைக்கிற குட்டி வில் கிளிப். நடுவில் உடைந்திருந்தது.

விரலைத் திருப்பித் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, தங்கமான்னு உரசிப் பாக்கறியா?" வாளியோடு வந்த கணவர் கேட்டார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். சனிக்கிழமைகளில் வேனுக்கு ஓய்வு உண்டு, அவர் வாய்க்குக் கிடையாது.

"முலாம் தங்கந்தான். ஆனா இது என் பையில இருக்கக் கூடாதுங்க."

"எத்தனை கிராம் தேறும்?"

"விளையாடாதீங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பண்ணினதே இப்பதான் தெரியுது."

அவர் வாளியைக் கீழே வைத்தார். அவள் குரல் அப்படி இருந்தது.

தெரிந்தவர்கள் எல்லோரும் அவளைத் திருப்புளி என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் சின்னவர்களுக்குத் திருப்புளியக்கா. பத்தொன்பது வருஷம் போன் ரிப்பேர் கடையில் குனிந்து உட்கார்ந்திருந்தவள். ஒரு கடை வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் அவள் அண்ணன் போட்ட கடை அது. கல்லாவைப் பார்த்துக்கொள்ளத்தான் அண்ணன் கூப்பிட்டான். அவன் பிரித்துப் போட்டுவிட்டுப் போனதை இவள் மூடி வைத்தாள். ஆறு மாதத்தில், அவன் மூடி வைத்துவிட்டுப் போனதை இவள் திறந்து, சரிசெய்து, மறுபடி மூடி வைத்தாள். அண்ணனுக்கு விஷயம் புரிந்தது. வேறு வியாபாரம் பார்க்கப் போனான். ஸ்டூல் இவளுக்கு வந்தது.

வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "ரிப்பேர் பண்றவர் இல்லையா?" என்பார்கள்.

"இருக்காரு. குனிஞ்சுட்டு இருக்காரு," என்று குனிந்தபடியே பதில் சொல்வாள்.

கணவரைப் பார்த்ததும் அந்தப் படிக்கட்டின் அடியில்தான். ஒரே மாதத்தில் மூன்று தடவை தண்ணீரில் விழுந்த போனோடு வந்தார். மூன்றாம் தடவை, "ரிப்பேர் பண்றதை விட இதுக்கு நீச்சல் கத்துக் குடுக்கறது மேல்," என்றாள். நாலாம் தடவை போன் இல்லாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பிறகு வளாகத்தை இடித்தார்கள். நாற்பத்து நாலு வயதில் ஒரு பெட்டி சாமானும் கழுத்து வலியுமாக வீட்டில் வந்து உட்கார்ந்தாள். நாலு மாதம் உட்கார்ந்திருந்தாள். போன்களைச் சேதமில்லாமல் பிரிக்கத் தெரிந்தவர் தேவை என்ற இரண்டு வரி விளம்பரத்தை மகள்தான் பார்த்துச் சொன்னாள்.

வேலை கொடுத்தவர் ஒரு வக்கீலம்மா. அவளைவிடப் பத்து வயது சின்னவர். விண்ணப்பத்தில் படிப்பு என்ற இடம் காலியாக இருந்ததைப் பார்த்தார், காகிதத்தை ஓரமாகத் தள்ளினார், ஒரு புதுப் போனை அவள் முன்னால் வைத்தார். "திறங்க. எனக்கு அவசரமில்லை."

திறந்தாள். மூடியின் உட்புறத்தில் பசை பிசிறில்லாமல் ஒரே சீராக ஓடியிருந்தது. "நல்லா இருப்பே," என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

"யாரைச் சொல்றீங்க?"

"இதை ஒட்டின கையைங்க. எங்க இருக்கோ."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. அவள் முதுகு வளைந்திருந்த விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அலமாரியிலிருந்து டேப் எடுத்து, தரையிலிருந்து அவள் முழங்கை வரை அளந்து குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் வேலைக்குப் போனபோது அவள் உயரத்துக்குக் கால் வெட்டிய நாற்காலி ஒன்று இருந்தது. ஒரே மாதத்தில் கழுத்து வலி போன இடம் தெரியவில்லை. துணிக்கு அளவெடுத்தவர்கள் உண்டு. உட்காருவதற்கு அவளை யாரும் அதுவரை அளந்ததில்லை. அந்த நாற்காலியைப் பற்றி வீட்டில் அவள் பேசிய பேச்சில், "எனக்கு இதுல பாதி மரியாதை கெடைச்சா போதும், நானும் நாலு காலை வெட்டிக்கறேன்," என்று கணவர் அலுத்துக்கொண்டார்.

அங்கே நடப்பது இதுதான். ஒரு போனுக்குள்ளே ஆயிரக்கணக்கான யோசனைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு சொந்தக்காரர் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறார். அவர் யோசனையை வைத்துப் போன் செய்கிற கம்பெனி, விற்கிற ஒவ்வொரு போனுக்கும் அவருக்கு ராயல்டி தரவேண்டும். "உங்க யோசனையை நாங்க தொடவே இல்லை" என்று கம்பெனி சொல்லும். "திறந்து பாருங்க" என்பார் சொந்தக்காரர். ஒருவர் திறந்ததை இன்னொருவர் நம்ப மாட்டார். அதனால் இரண்டு தரப்பும் சேர்ந்து வக்கீலம்மாவின் இடத்துக்கு வரும். வக்கீலம்மா கடையில் போன் வாங்கி, சீல் வைத்து, எண் போட்டுக் கொடுப்பார். திருப்புளி ஒவ்வொரு அடுக்காகத் திறந்து படம் எடுப்பாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கணவருக்கு விளக்கியபோது அவர் நெடுநேரம் யோசித்தார். "அப்போ போன் வாங்கறது கூட்டுக் குடும்பத்துல பொண்ணு கட்டற மாதிரி. நமக்கு ஒரு ஆளுதான் தெரியும், உள்ள போனா ஒவ்வொருத்தருக்கும் ஒரு உரிமை."

ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் மூன்று வரிகள் அச்சாகியிருக்கும். திறந்தது நான். கண்டது இவை. எதையும் மாற்றவில்லை. அதன் கீழே அவள் கையெழுத்து. பத்தொன்பது வருஷம் "எப்ப ரெடியாகும்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகியவளிடம், "என்ன பாத்தீங்க?" என்று கேட்டு, சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டார்கள். முதல் கையெழுத்தைப் போட்ட அன்றைக்கு, பேனாவை மூடி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த மூன்றாவது வரி பொய்யாகியிருந்தது.

வியாழக்கிழமை நடந்ததை அவள் கணவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். விஷயம் ஆன்டெனா பற்றியது. போனைக் கையால் இறுக்கிப் பிடித்தால் சிக்னல் குறையும். அப்படிக் குறையாமல், ஒரு கிளிப் வழியாக உலோகச் சட்டத்தையே ஆன்டெனாவாக்குகிற யோசனை ஒரு மனிதருடையது. ஐந்து பேர் வேலை செய்கிற சின்ன கம்பெனி வைத்திருக்கிறார். பெரிய போன் கம்பெனி ஒன்று, எங்கள் போனில் கிளிப் இருக்கிறது, ஆனால் அது சட்டத்தைத் தொடுவதில்லை என்று சாதித்தது. பத்து போன் வாங்கினார்கள். ஆறு போன வருஷத்தது, நாலு இந்த வருஷத்தது. பழையதில் ஆறையும் புதியதில் ஒன்றையும் திறப்பது, மூன்றைச் சீலோடு வைத்திருப்பது என்று ஏற்பாடு. பழைய ஆறிலும் கிளிப் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏழாவதில் கிளிப் விலகி வளைந்திருந்தது.

"அன்னைக்கு ஏசி ஓடலை. ஜன்னலைத் திறந்து வெச்சிருந்தேன். கீழ தெருவுல பஸ்காரன் ஹாரனும், ஆளுங்க கத்தறதும், அப்படியே நம்ம படிக்கட்டுக் கடை மாதிரி. வளைஞ்சிருக்கேன்னு நிமிர்த்தினேன். ஒடிஞ்சு போச்சு. பக்கத்துத் தட்டுல கழிச்சுப் போட்ட கிளிப் இருந்தது. எடுத்து வெச்சு ஈயத்தால ஒரு பற்று வெச்சேன். அரை நிமிஷம். அப்புறம் படம் எடுத்தேன்."

"ஒடிஞ்சது?"

"பையில போட்டிருக்கேன். கடையில அப்படித்தானே போடுவேன். குப்பைன்னு கீழ போட்டா கால்ல குத்தும்."

"அறிக்கை?"

"நேத்தே ரெண்டு பக்கமும் போயாச்சு. ஏழுலயும் தொடுதுன்னு. திங்கட்கிழமை பத்து மணிக்கு நடுவர் முன்னாடி பேச்சு."

மகள் அறையிலிருந்து தலையை நீட்டினாள். கல்லூரியில் மூன்றாம் வருஷம். எதையும் கேட்காத மாதிரி எல்லாவற்றையும் கேட்கிற வயது. "அம்மா, அந்தத் துணுக்கைத் தூக்கிக் குப்பையில போட்டா யாருக்குத் தெரியப் போவுது? ஆறுல இருக்குன்னா ஏழாவதுலயும் இருந்திருக்கும். நீ சரியாத்தானே பண்ணியிருக்கே."

"உள்ள போய்ப் படி."

"நியாயத்தைச் சொன்னா படிக்கச் சொல்லு."

அவள் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருப்பதாகக் குரல் வந்தது. வாரம் ஐந்து நாள் போன் சண்டையே பார்ப்பதால், சனி ஞாயிறில் போனை அணைத்து மேஜை அறைக்குள் பூட்டி வைக்கிறவர் அவர். இரண்டு நாளையும் எப்படியாவது ஓட்டியாக வேண்டும். துணி காய்ந்தது, மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். மகள் சொன்னதை அவள் யோசிக்காமல் இல்லை. இன்னொரு நாற்காலி இப்படிக் கிடைக்காது என்பதையும் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கிளிப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதி எழுதி, கைப்பையில் வைத்தாள்.

"நாளைக்கு நான் கூட வரட்டுமா?" கணவர் கேட்டார்.

"வந்து?"

"சும்மா. வாசல்ல நிக்கறேன்."

"வேன் குழந்தைங்களை யார் கொண்டு விடறது? நீங்க கேட்டதே போதும்."

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வக்கீலம்மா தன் அறையில் ஒரு கையில் டீயும் ஒரு கையில் அறிக்கையுமாக இருந்தார். அவள் உறையை மேஜை மேல் வைத்து, நின்றபடியே சொல்லி முடித்தாள்.

"படம் எடுக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிங்க."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, நீங்க ரிப்பேர் பண்ணியிருக்கீங்க."

"ஆமாங்க."

"சாட்சியை ரிப்பேர் பண்ணியிருக்கீங்க."

"கை தானா போயிடுச்சுங்க."

"போனைப் பிரிக்க ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நாம விக்கறது அந்த மூணு வரியைத்தான்." டீயை ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அது இன்னும் பயமா இருக்கு." பிறகு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "இதை நான் சொல்ல மாட்டேன். அங்க வந்து நீங்களே சொல்லணும்."

கூட்டம் நடந்த அறை அதே கட்டடத்தின் மேல்மாடியில், நீள மேஜையோடு இருந்தது. நடுவர் ஓய்வுபெற்ற நீதிபதி. இருமல் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர். ஒரு பக்கம் பெரிய கம்பெனியின் வக்கீல், கதவில் குனிந்து நுழைகிற உயரம். கூடவே அவர்களுடைய இன்ஜினியர். எதிர்ப்பக்கம் யோசனைக்குச் சொந்தக்காரர், தனியாக. ஒல்லி மனிதர். முழுக்கைச் சட்டையின் ஒரு கைப் பொத்தான் மட்டும் போட்டிருந்தது. ஏழு போனிலும் தொடுகிறது என்ற அறிக்கை அவர் முன்னால் நாலு வண்ணத்தில் கோடு போட்டுக் கிடந்தது. அவர் அதை எத்தனை தடவை படித்திருப்பார் என்று பார்த்தவுடன் அவளுக்குத் தெரிந்தது. தான் சொல்லப் போவது அவர் தலையில்தான் விழும் என்பதும்.

சொன்னாள். ஜன்னல், சத்தம், அரை நிமிஷம், எல்லாவற்றையும். ஒல்லி மனிதர் வண்ணக் கோடுகளின் மேல் கையை வைத்து மூடினார்.

நெட்டை வக்கீல்தான் முதலில் வாயைத் திறந்தார். "ரொம்ப நல்லதும்மா. மீதி ஆறு போன்ல எத்தனை ரிப்பேர்?"

"ஒண்ணும் இல்லைங்க."

"அதை எப்படி நம்பறது?"

"என்னை நம்புங்கன்னு நான் கேக்கலைங்க. நான் வெச்ச பற்று வேற, தொழிற்சாலையில வெச்ச பற்று வேற. லென்ஸ்ல பாத்தா தெரியும். உங்க இன்ஜினியர் சாரே பாக்கட்டும். அப்புறம், மூணு போன் சீல் உடைக்காம இருக்கு. எல்லாரும் பக்கத்துல நில்லுங்க. நான் திறக்கறேன்."

"மறுபடி நீங்களா?"

"வேற யாராவது திறந்தா கீறும்," என்றாள். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். ஆனாலும் நடுவருக்கு மிட்டாய் புரை ஏறியது.

எல்லோரும் படியிறங்கி அவள் அறைக்கு வந்தார்கள். நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் அறையில் ஆறு பேர். முதலில் இன்ஜினியர் லென்ஸில் குனிந்து பழைய ஆறையும் ஏழாவதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கால் மணி நேரம் ஆனது. நிமிர்ந்து, "ஆறும் தொழிற்சாலைப் பற்று. ஏழாவது மட்டும் கைவேலை," என்று தன் வக்கீலிடம் சொன்னார். மரியாதைக்காக, "நல்ல கைவேலை," என்றும் சேர்த்தார்.

எட்டாம் எண் பெட்டியின் சீலை நடுவரே கிழித்தார். சூடான மெத்தை மேல் போனைக் கவிழ்த்து வைத்து, பசை இளகும் வரை அவள் காத்திருந்தாள். உறிஞ்சு கிண்ணத்தை ஒட்டி, மயிரிழை இடுக்கில் மெல்லிய தகட்டை விட்டு நகர்த்தினாள். திருகாணிகளைக் கழற்றிய வரிசையில் காந்த விரிப்பில் அடுக்கினாள். சுவரில் இருந்த திரையில் எல்லாம் பலமடங்கு பெரிதாகத் தெரிந்தது. கடைசி மறைப்பை எடுத்தாள்.

கிளிப் விலகி வளைந்திருந்தது. ஏழாவதில் பார்த்த அதே இடத்தில், அதே கோணத்தில்.

ஒன்பதாவதைத் திறந்தாள். அதிலும் அப்படியே.

இப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். அடிபட்டு வளைந்த தகட்டில் ஒரு நெளிசல் இருக்கும். இதில் மடிப்பு கத்தி மாதிரி இருந்தது. அச்சில் வைத்து அடித்தது. கைப்பையிலிருந்து உறையை எடுத்து, உடைந்த துண்டையும் லென்ஸுக்கு அடியில் வைத்தாள். ஒரு நூல் வித்தியாசமில்லை.

"இது வளைஞ்சது இல்லைங்க," என்றாள். "வளைச்சுச் செஞ்சது. புதுசுல இப்படித்தான் வருது. அது தெரியாம, கெட்டுப் போகாத ஒண்ணைப் போய் ரிப்பேர் பண்ணியிருக்கேன்."

படிக்கட்டுக்கு அடியில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவளுக்கு இதைவிடக் கேவலம் என்ன வேண்டும். வேலை போவது ஒருபுறம் இருக்கட்டும், இது அவளுக்கு அதைவிட உறைத்தது.

நெட்டை வக்கீலுக்கு முகம் மலர்ந்தது. "அதைத்தான் நாங்க முதல்லருந்து சொல்றோம். எங்க போன் சட்டத்தைத் தொடறதே இல்லை."

நடுவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போன வருஷத்துப் போன் தொடுதே."

"அது திறக்கும்போது அழுந்தி ஒட்டியிருக்கும்னு எங்க பதில்லயே எழுதியிருக்கோம்."

"எழுதியிருக்கீங்க. படிச்சேன்." நடுவர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "இப்ப அதே கைதான் இது ரெண்டையும் திறந்தது. நான் கண்ணால பாத்தேன். ஒண்ணும் அழுந்தலை, ஒண்ணும் ஒட்டலை. அப்போ அந்த ஆறும் தானாத் தொட்டுக்கிட்டுதான் இருந்திருக்கு. இல்லையா?"

நெட்டை வக்கீல் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் தன் செருப்பைப் பார்த்தார்.

"ஒரு பத்து நிமிஷம் கொடுங்க," என்றார் நெட்டை வக்கீல். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். பத்து நிமிஷம் ஒன்றரை மணி நேரமானது.

மதியத்துக்கு மேல் பேச்சு முடிந்தது. போன வருஷத்துப் போன்கள் எல்லாவற்றுக்கும் கம்பெனி உரிமம் எடுத்துக்கொள்ளும், ராயல்டி தரும். இந்த வருஷத்தவற்றுக்குக் கிடையாது. ஏழாவது போனின் படத்தை நீக்கிவிட்டு, ஏழு, எட்டு, ஒன்பது பற்றிப் புது அறிக்கை எழுத வேண்டும் என்று நடுவர் சொன்னார். யார் எழுதுவது என்று நெட்டை வக்கீல் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்து நின்றாள். அவர் கேட்கவில்லை. "அம்மா, தேதி மட்டும் இன்னைக்குப் போடுங்க," என்றார்.

எல்லோரும் போன பிறகு ஒல்லி மனிதர் மட்டும் அவள் அறை வாசலில் வந்து நின்றார். அவள் எழுந்தாள்.

"உக்காருங்க, உக்காருங்க. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"உங்களுக்குப் பாதி போச்சுங்களே, என்னால."

"பாதி போச்சு," என்று ஒப்புக்கொண்டார். "காலையில உங்க மேல எனக்கு வந்த கோபத்தை இப்ப சொன்னா நீங்க சிரிப்பீங்க. ஆனா பாருங்க, நீங்க சொல்லாம இருந்திருந்தா, அவங்க ஆளுங்க என்னைக்காவது ஏழாவது போனை லென்ஸ்ல வெச்சுப் பாத்திருப்பாங்க. அன்னைக்கு ஆறும் சேந்து போயிருக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "என் யோசனையைச் சுத்திக்கிட்டுப் போறதுக்கு அவங்க தனியா ஒரு அச்சு செஞ்சிருக்காங்க. எட்டு வருஷமா அது ஒரு யோசனையே இல்லைன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. அது ஒண்ணு போதும் எனக்கு. ரொம்ப நன்றிங்க."

அவர் கையிலிருந்த போனின் மூலையில் சிலந்தி வலைபோல விரிசல் விட்டிருந்தது. அவளுக்குக் கை துறுதுறுத்தது. இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அவர் போனதும், காலையில் கழற்றிய திருகாணிகளை எண்ணி உறைகளில் போட்டாள். புது அறிக்கையை எழுதினாள். மூன்று வரிகளுக்குக் கீழே, ஏழாம் எண் போனைப் பற்றி நாலாவதாக ஒரு வரி தன் கையால் சேர்த்தாள்: இதில் ஒரு கிளிப்பை நான் மாற்றினேன், உடைந்தது உறையில் உள்ளது. கையெழுத்துப் போட்டாள். கணவருக்கு ஒரு செய்தி அனுப்பினாள், "சொல்லிட்டேன்" என்று. "வேலை?" என்று பதில் வந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வக்கீலம்மா உள்ளே வந்தார்.

ஒரு கையில் வளைகிற கழுத்துள்ள கேமரா, இன்னொரு கையில் சீல் வைத்த புதுப் பெட்டி. வேறு ஒரு வழக்கு. பெட்டியை அவள் மேஜை மேல் வைத்தார். அதன் மேல் ஒட்டியிருந்த படிவத்தில், திறப்பவர் என்ற இடத்தில் அவள் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. எப்போது அச்சடித்தார், இன்று காலைக்கு முன்பா பின்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

"இனிமே சீல் உடைக்கறதிலிருந்து மூடற வரைக்கும் படம் ஓடிக்கிட்டே இருக்கும்," என்றார் வக்கீலம்மா, மேஜை விளிம்பில் கேமராவைத் திருகி மாட்டியபடி. "எழுந்து தண்ணி குடிக்கப் போனாலும் ஓடும். ஏசிக்கும் ஆள் வரச் சொல்லியிருக்கேன். ஜன்னல் மூடியே இருக்கட்டும்."

"சரிங்க."

"புது டிசைன் ஏதாவது வந்தா, கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க."

"கூப்பிடறேங்க." அவள் கையுறையை எடுத்தாள், ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. இந்த நாலு வருஷத்தில் இந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டது எவ்வளவோ இருந்தது. படிப்பு என்ற இடத்தைத் தள்ளி வைத்தது, டேப்பால் அளந்தது, இன்றைக்கு மாடியில் தனக்கு முன்னால் பேசாமல் வழி விட்டது. எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்ததால் ஒன்றும் வரவில்லை. "வக்கீலம்மா, என்னை வெச்சுக்கிட்டதுக்கு..." என்று ஆரம்பித்து, அது சரியாக வராமல், வேறு எதையோ கேட்டாள். "என் மேல இருந்த கோபம் போயிடுச்சுங்களா?"

வக்கீலம்மா கேமராவின் கழுத்தை இன்னும் கொஞ்சம் கீழே வளைத்து, அவள் பத்து விரல்களும் திரையில் தெரிகின்றனவா என்று பார்த்தார். பிறகு அறையை விட்டு வெளியே போனார். அவள் போனை எடுத்து, கணவரின் கேள்விக்கு "இருக்கு" என்று பதில் அனுப்பிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டாள்.